புது காசு வாங்கியாச்சா? குழுவுல காட்டுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

போன வருஷம் ஒரு நாணயக் கண்காட்சியில 1840ம் வருஷத்து விக்டோரியா ராணி ஒரு ரூபாய் வெள்ளிக் காசு ஒண்ணு 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் கேக்கல, எடை பாக்கல, வீட்டுக்கு வந்த வேகத்துல ட்யூப்லைட் வெளிச்சத்துல பிளாஷ் போட்டு ரெண்டு போட்டோ எடுத்து எங்க சேகரிப்பாளர் குழுவுல "இன்றைய வரவு"ன்னு போட்டுட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு பெரியவர் கேட்டார், "தம்பி, எடை எவ்வளவு? ஓரத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்"னு. என்கிட்ட தராசே கிடையாது. நாலு நாள் கழிச்சு தெரிஞ்ச நகைக்கடையில போய் எடை போட்டா 9.4 கிராம், இருக்க வேண்டியது 11.66. லென்ஸ் வச்சு பாத்தா ஓரத்துல சுத்திவர ஒரு கோடு, அதாவது வார்ப்புல ஊத்தி எடுத்த போலி. அதுக்குள்ள கண்காட்சி முடிஞ்சு கடை போட்டவர் ஊருக்குப் போயாச்சு, கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாததால யார்கிட்ட போய் கேக்குறதுன்னு தெரியாம நின்னேன்.

அன்னைக்கு அந்த பெரியவர் போன் பண்ணி அரை மணி நேரம் பொறுமையா சொல்லிக்கொடுத்ததும், அதுக்கப்புறம் நானா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும்தான் கீழ இருக்கு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு: எங்க, எப்போ, எவ்வளவுக்கு வாங்கினது, எடை என்ன, அளவு என்ன. அந்த சீட்டோட காட்டினாத்தான் விஷயம் தெரிஞ்சவங்க உங்களுக்கு உருப்படியா பதில் சொல்ல முடியும். மத்ததெல்லாம் அந்த சீட்டை எப்படி ரெடி பண்றதுங்கிறதுதான்.

1. காசுக்கு முன்னாடி சாமான் வாங்குங்க

முதல்ல தராசு. 0.01 கிராம் வரைக்கும் காட்டுற பாக்கெட் தராசு ஆன்லைன்ல 500 ரூபாய் பக்கம் கிடைக்குது, நான் வாங்கினது அந்த விலைதான். 1 கிராம், 0.1 கிராம் மட்டும் காட்டுற சமையலறை தராசு இதுக்கு ஆகாது. வாங்கின தராசு சரியா காட்டுதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ₹ குறியோட வர்ற 10 ரூபாய் காசு ஒண்ணை வையுங்க, 7.71 கிராம் பக்கம் காட்டணும். அஞ்சாறு காசு வச்சு பாத்துட்டு எல்லாமே அந்த எண்ணை ஒட்டி வந்தா தராசை நம்பலாம்.

அப்புறம் நகைக்கடைக்காரங்க கண்ணுல வச்சு பாப்பாங்களே அந்த 10 மடங்கு லென்ஸ், விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் (பிளாஸ்டிக்கே போதும்), ஒரு சின்ன காந்தம், ஒரு நோட்டு. எல்லாம் சேத்து எனக்கு 1,300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ஆரம்பத்துல இந்த 1,300 செலவு பண்ணியிருந்தா அந்த 2,200 போயிருக்காது, அதனாலதான் இதை முதல் படியா வச்சிருக்கேன்.

2. முதல் சேகரிப்பை சில்லறையில இருந்து ஆரம்பிங்க

புதுசா வர்றவங்க நேரா ராஜராஜன் காசு, வெள்ளி ரூபாய்னு போயிடுறாங்க, நானும் அப்படித்தான் போனேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் உங்க கைக்கு வர்ற சில்லறையை மட்டும் பாருங்க. 10 ரூபாய் காசுல மட்டும் 2018 ஜனவரி வரைக்கும் 14 டிசைன் வந்திருந்துச்சு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் வங்கி அப்பவே சொல்லியாச்சு, ஆனாலும் நம்ம ஊர்ல நிறைய கடையில வாங்க மாட்டேங்கிறாங்க. அதனால வாங்கிக்கிட்ட கடைக்காரர் அதை தள்ளிவிட வழி பாத்துட்டு இருப்பார், நோட்டு கொடுத்து மாத்திக்கிறேன்னு கேட்டா சந்தோஷமா ஒரு கை நிறைய எடுத்துக் கொடுப்பார். அந்த 14 டிசைனும் சேர்ந்தா உங்க செலவு 140 ரூபாய், வேணாம்னா திரும்ப செலவழிச்சுக்கலாம். அதுக்கப்புறம் 2022ல வந்த சுதந்திர அமுதப் பெருவிழா வரிசை, அது 1, 2, 5, 10, 20 எல்லாத்துலயும் இருக்கு.

இதுலயே நாணயச்சாலை குறியும் பழகிடும். வருஷத்துக்குக் கீழ பாருங்க: வைர வடிவம் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தா நொய்டா, எதுவுமே இல்லன்னா கொல்கத்தா. சில வருஷங்கள்ல இதுல மாறுதல் உண்டு, ஆனா ஆரம்பத்துக்கு இது போதும். ஒரே வருஷத்து ஒரே காசு நாலு ஊர்லயும் அடிச்சிருந்தா நாலையும் தேடிப் பிடிக்கிறதுல இருக்கிற சுகம், தேடிப் பிடிச்சாத்தான் தெரியும்.

3. வாங்கும்போது கேக்க வேண்டிய பேப்பர்

கண்காட்சியில வாங்கினாலும் சரி, தெரிஞ்சவர்கிட்ட வாங்கினாலும் சரி, பில் வேணும். பில்லுல "பழைய காசு – 1"னு எழுதிக் கொடுத்தா வாங்கிக்காதீங்க. காசோட பேர், வருஷம், உலோகம், எடை, விலை, விக்கிறவரோட பேர், போன் நம்பர், தேதி இத்தனையும் இருக்கணும், "ஒரிஜினல் இல்லன்னா திருப்பி எடுத்துக்கப்படும்"னு ஒரு வரியும் எழுதச் சொல்லுங்க. நேர்மையா விக்கிறவங்க யோசிக்காம எழுதிக் கொடுத்துடுவாங்க, தயங்கினா அந்த மேசையை விட்டு நகர்ந்துடுங்க. விலையை கூகுள் பேல அனுப்பினா அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் பில்லோட வச்சுக்கோங்க.

கண்காட்சிக்கு முதல் நாள் காலையில போனா நல்ல காசுங்க எல்லாம் இருக்கும், விலை இறங்காது. கடைசி நாள் மதியத்துக்கு மேல போனா விலை பேசலாம், ஆனா நல்லது போயிருக்கும். நான் இப்ப முதல் நாள் வெறுமனே போய் விலை குறிச்சுட்டு வந்துடுறேன், ராத்திரி உக்காந்து படிச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு மறுநாள் வாங்குறேன். அந்த ஒரு ராத்திரி ரொம்ப உதவுது.

ஏலத்துல கவனிக்க வேண்டியது வேற. நீங்க கேட்ட தொகை முடிவுத் தொகை ஆகாது. அதுக்கு மேல ஏல நிறுவனத்தோட கமிஷன், அதுக்கப்புறம் ஜிஎஸ்டி, தபால் செலவு எல்லாம் சேரும். சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால ஏலம் கேக்குறதுக்கு முந்தின நாளே விதிமுறையை முழுசா படிச்சு, கால்குலேட்டர்ல போட்டுப் பாத்து, "எல்லாம் சேத்து என் கையில இருந்து இவ்வளவு"ன்னு ஒரு எண்ணை எழுதி வச்சுக்கோங்க. ஏலம் சூடு பிடிக்கும்போது அந்த எண்ணைத் தாண்டக் கூடாது.

கலைஞர் 100 ரூபாய், தஞ்சை பெரிய கோயில் 1000 ரூபாய் மாதிரி நினைவு நாணயங்கள் வேணும்னா நாணயச்சாலையோட வெப்சைட்ல புக்கிங் திறக்கும்போது பதிவு பண்றதுதான் பாதுகாப்பு. 100 ரூபாய் காசு 100 ரூபாய்க்குக் கிடைக்காது, வெள்ளி விலையும் டப்பா விலையும் சேர்ந்துதான் வரும், கைக்கு வர மாசக்கணக்குல ஆகலாம். ஆர்டர் நம்பர், பணம் கட்டின ரசீது ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. இதே மாதிரி தலைவர்களும் கோயிலும் போட்ட சாதா 5 ரூபாய் காசுகளும் இருக்கு, காமராஜர் 2003, அண்ணா 2009, பெரிய கோயில் 2010, இதெல்லாம் பழைய உண்டியல்ல தேடினாலே கிடைக்கும், அதுக்கு நூத்துக்கணக்குல கொடுக்காதீங்க.

4. பார்சல் வந்தா முதல் ரெண்டு நாள்

தபால்ல வாங்கினா கவரை கையில வாங்குறதுல இருந்து காசு வெளிய வர்ற வரைக்கும் ஒரே வீடியோவா எடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க. ட்ராக்கிங் நம்பர் இருக்கிற பக்கம் வீடியோவுல தெரியணும். அந்த வீடியோவுலயே காசை தராசுல வச்சு எடை காட்டுங்க. திருப்பி அனுப்ப நாள் கெடு பெரும்பாலும் ரொம்ப குறைச்சல்தான், வாங்குறப்பவே எத்தனை நாள்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கணும். "ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கலாம்"னு வச்சா கெடு தாண்டிடும்.

5. எடை, அளவு, ஓரம், காந்தம்

இங்கதான் நிதானமா இருக்கணும்.

பிரிட்டிஷ் இந்தியா வெள்ளிக் காசுக்கு எடை மனப்பாடம் ஆகிடணும். ஒரு ரூபாய் 11.66 கிராம், அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, ரெண்டணா 1.46. ஒரு ரூபாயோட விட்டம் 30.5 மில்லிமீட்டர் பக்கம். தேஞ்ச காசுல கொஞ்சம் குறையும், 11.4, 11.5 எல்லாம் சகஜம், ஆனா எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கிற காசு 10 கிராம் காட்டுச்சுன்னா கையை எடுத்துடுங்க. என் காசு அப்படித்தான், தேய்மானமே இல்லாம எடை மட்டும் ரெண்டு கிராமுக்கு மேல குறைஞ்சு இருந்துச்சு.

எடை சரியா இருந்தாலே ஒரிஜினல்னும் முடிவு கட்டாதீங்க. 1940ல இருந்து ரூபாயில வெள்ளி பாதிதான், அதுக்கு முன்னாடி 91.7 சதவீதம். ரெண்டுக்கும் எடை அதே 11.66தான். அதனால 1944, 1945 ரூபாயை "சுத்த வெள்ளி"ன்னு அதிக விலை சொன்னா வருஷத்தைப் பாருங்க. 1939 ரூபாய் ரொம்ப அபூர்வம், அதுக்காகவே 1938 காசுல கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குறாங்க. யாராவது 1939 ரூபாயை சில ஆயிரத்துக்குக் கொடுக்குறேன்னு வந்தா அந்த 9ஐ லென்ஸ்ல பாருங்க, எண்ணைச் சுத்தி கீறலோ சொரசொரப்போ இருக்கும்.

1939 வரைக்கும் வந்த வெள்ளி ரூபாய்னா ஓரத்துல வரி வரியா பல்லு மாதிரி இருக்கணும், வரியெல்லாம் ஒரே சீரா இருக்கணும். அந்தக் காசுல நடுவுல சுத்திவர ஒரு கோடு ஓடினா வார்ப்புல எடுத்த போலின்னு சந்தேகப்படணும். பரப்புல ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன குழி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

காந்தம்: வெள்ளி, செம்பு ஒட்டாது. விக்டோரியா ரூபாய் காந்தத்துல ஒட்டினா அதோட கதை முடிஞ்சுது. ஆனா 1947 புலி போட்ட ஒரு ரூபாய் நிக்கல், அது ஒட்டும், ஒட்டினாத்தான் சரி. இது தெரியாம ஒரு நண்பர் நல்ல காசை போலின்னு நினைச்சு பாதி விலைக்குக் கொடுத்துட்டார்.

சோழர் காசு, நாயக்கர் காசு, ஆரம்ப கால புதுக்கோட்டை அம்மன் காசு மாதிரி செப்புக் காசுங்க கையால அடிச்சது, எடை காசுக்கு காசு மாறும், தராசு மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. அதுக்குத்தான் அனுபவசாலிங்க கண்ணு வேணும், அதுக்குத்தான் நல்ல போட்டோவும் வேணும்.

ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் கேக்காமலே ஒதுக்கிடலாம். 1616, 1818னு வருஷம் போட்டு, கிழக்கிந்திய கம்பெனி பேரும் போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற "அணா" காசுங்க. கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே கிடையாது. பூஜையில வைக்க பக்தியா வாங்கினா அது வேற விஷயம், சேகரிப்புக்குன்னு ஆயிரக்கணக்குல கொடுக்காதீங்க.

6. தயவுசெஞ்சு கழுவாதீங்க

எங்க பாட்டி சுருக்குப்பையில இருந்து எனக்குக் கிடைச்ச நாலு காலணா செப்புக் காசை, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு தேய்ச்சு பளபளன்னு கொண்டுவந்து கொடுத்தாங்க எங்க அம்மா, ஆசையாத்தான் செஞ்சாங்க. அந்த காசுங்க மேல நூறு வருஷமா படிஞ்சிருந்த பழுப்பு நிறம் போயி இளஞ்சிவப்பா ஆயிடுச்சு, அது இனி திரும்பாது. புளி, எலுமிச்சை, சபீனா, விபூதி, டூத்பேஸ்ட் எதுவுமே வேணாம். சேகரிப்பாளருக்கு அந்த நிறம்தான் காசோட வயசுக்கு சாட்சி, தேய்ச்ச காசுக்கு விலை பாதிக்கும் கீழ போயிடும். மண்ணு ஒட்டியிருந்தா காய்ச்சி வடிகட்டின தண்ணியில (பேட்டரிக்கு ஊத்துறாங்களே அது) ஒரு நாள் ஊறவச்சு, தேய்க்காம ஒத்தி எடுத்து காயவிடுங்க, அதோட நிறுத்திக்கோங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.

7. காசுக்குப் பேர் கண்டுபிடிக்கிறது

நியூமிஸ்டான்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு, நாடு, மதிப்பு, வருஷம் போட்டா படத்தோட எடை, விட்டம், உலோகம் எல்லாம் வரும். கே.எம்.னு ஆரம்பிக்கிற ஒரு எண்ணும் இருக்கும், அது கேட்லாக் எண், அதை உங்க சீட்டுல எழுதிட்டா எந்த ஊர் சேகரிப்பாளருக்கும் எந்தக் காசுன்னு உடனே புரிஞ்சிடும். அங்க விலைன்னு காட்டுறதை மட்டும் ஒரு தோராயமா எடுத்துக்கோங்க, நம்ம ஊர் கண்காட்சி விலை வேற மாதிரி இருக்கும்.

பழைய தமிழகக் காசுக்கு எழுத்தைப் பாருங்க. அம்மன் காசுல ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல "விஜய"ன்னு இருக்கும். ராஜராஜன் செப்புக் காசுல ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல அவர் பேர். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயப் பகுதி இருக்கு, ஒரு அரை நாள் ஒதுக்கி அசல் காசு எப்படி இருக்கும்னு கண்ணால பாத்துட்டு வாங்க.

8. போட்டோ

காலை 8ல இருந்து 10 மணிக்குள்ள, வெயில் நேரா விழாத ஜன்னல் ஓரத்துல, வெள்ளைத் தாள் மேல காசை வையுங்க. பிளாஷ் வேணாம், ட்யூப்லைட்டையும் அணைச்சிடுங்க. போனை ரொம்ப பக்கத்துல கொண்டுபோனா போனோட நிழல் விழும், ஒரு ஜாண் தூரத்துல புடிச்சு ரெண்டு மடங்கு ஜூம் பண்ணி எடுங்க. ரெண்டு பக்கமும் நேரா ஒண்ணு ஒண்ணு, ஓரம் தெரியுற மாதிரி ஒண்ணு, தராசு மேல எடையோட ஒண்ணு, மொத்தம் நாலு. பில்டர், கலர் கூட்டுறது எதுவும் வேணாம், நிறத்தை வச்சுத்தான் போலி கண்டுபிடிக்கிறாங்க. காசை எப்பவும் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க, முகத்துல விரல் பட்டா வேர்வைத் தடம் சில நாள்ல கறையா மாறிடும்.

9. என்ன எழுதிக் காட்டணும், என்ன காட்டக் கூடாது

வெறும் போட்டோ போட்டு "இது எவ்வளவு போகும்?"னு கேட்டா பெரியவங்க பதில் சொல்லாம போயிடுவாங்க, கோவத்துல கூட இல்ல, அதுல சொல்ல ஒண்ணும் இருக்காது. இந்த மாதிரி எழுதுங்க:

"கால் ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ், 1936, வெள்ளி. எடை 2.89 கிராம். கண்காட்சியில நேரா வாங்கினது, பில் இருக்கு, விலை 250. ராஜா முகத்துல மீசை தேஞ்சிருக்கு, ஓரத்துல ஒரு சின்ன அடி இருக்கு. தரம் வி.எஃப். (வெரி ஃபைன், அதாவது கொஞ்சமா தேஞ்ச நல்ல நிலை)னு சொல்லலாமா?"

குறையை நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அப்படி எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு முழு நீள பதில் வர ஆரம்பிச்சுது, ஒருத்தர் தன்கிட்ட இருந்த இன்னும் நல்ல கால் ரூபாயைப் படம் எடுத்துப் போட்டு எங்கெங்க வித்தியாசம்னு வட்டம் போட்டுக் காட்டினார். யாராவது போலின்னு சொன்னா சண்டைக்குப் போகாதீங்க, ஏன்னு கேளுங்க, எந்த இடத்தை வச்சு சொல்றாங்கன்னு கேளுங்க.

காட்டக் கூடாதது: வீட்டு அட்ரஸ் தெரியுற பார்சல் கவர், போன் நம்பர் தெரியுற பில், மொத்த ஆல்பத்தையும் விரிச்சு வச்ச படம், ஊருக்குப் போறோம்ங்கிற சேதி. போன் கேமராவுல லொகேஷன் பதிவை அணைச்சிடுங்க. வெள்ளியும் தங்கமும் வீட்டுல எங்க இருக்குன்னு நாமே ஊருக்கு சொல்ற மாதிரி ஆயிடக் கூடாது.

10. காட்டினதுக்கு அப்புறம் வர்ற போனுங்க

நல்ல காசு ஒண்ணு போட்டா ரெண்டு நாள்ல ஒரு அழைப்பு வரும். "உங்க காசுக்கு மூணு லட்சம் தர்றோம், ரிசர்வ் வங்கி பதிவுக்கு 1,500 கட்டுங்க"ம்பாங்க. ரிசர்வ் வங்கி பேர்ல இப்படி கமிஷன், வரின்னு கேக்குறது மோசடின்னு வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிவிப்பு கொடுத்திருக்கு, பழைய காசு வாங்கி விக்கிற வேலையே அவங்க பண்றதில்ல. வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்கு லட்சம், நம்பர்ல 786 இருக்கிற நோட்டுக்கு லட்சம்னு வர்றதும் இந்த வகைதான். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்ல, போடச் சொன்னா கட் பண்ணிடுங்க.

வெளிநாட்டுல இருந்து கேப்பாங்க, அங்க ஜாக்கிரதை. 100 வருஷத்துக்கு மேல பழைய காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தக்காரருக்கு அன்பா கொடுத்து அனுப்புறதும் இதுல அடங்கும்.

அப்புறம், மண்ணுல கிடைச்ச காசு. கரூர் அமராவதி ஆத்துப் பக்கம் பழங்காசுங்க கிடைக்கிறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அதனால "ஆத்துல கிடைச்சது"ன்னு யாராவது உங்ககிட்ட குறைஞ்ச விலைக்குக் கொண்டுவரலாம். 1878 புதையல் சட்டப்படி மண்ணுல புதைஞ்சு கிடைச்ச 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும். உங்களுக்கே கிடைச்சாலும் தாசில்தார் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கோங்க. பில்லோட வாங்கின காசுன்னா யார்கிட்ட இருந்து வந்ததுன்னு காட்ட கையில ஒரு பேப்பராவது இருக்கும்.

11. கடைசியா, வைக்கிற இடம்

ரெண்டு அங்குல அட்டை ஹோல்டர் 100 எண்ணம் 250 ரூபாய்க்கு வாங்கினேன், ஸ்டேப்ளர் அடிக்கும்போது பின் காசு மேல படாம பாத்துக்கோங்க. வளவளன்னு மெத்துனு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் கவர் வேணாம், நம்ம ஊர் புழுக்கத்துக்கு ரெண்டு வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு காசுல ஒட்டிக்கும். டப்பாவுல சிலிகா ஜெல் பை போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

ஹோல்டர் அட்டை மேலயே ஒரு எண் எழுதுங்க, அதே எண்ணை நோட்டுலயும் பில்லுலயும் எழுதுங்க. நோட்டை ஒரு மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வையுங்க, நோட்டு எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லி வையுங்க. என் நோட்டுல முதல் பக்கத்துல எண் 1ன்னு அந்த 9.4 கிராம் 1840 ரூபாய்தான் இருக்கு, சிவப்பு மையில "போலி"ன்னு எழுதி வச்சிருக்கேன், புதுசா ஒரு வெள்ளி ரூபாய் வாங்கினா முதல்ல அதைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் சீட்டு எழுதுறேன்.